கல்லூரி ஆசிரியருக்கு யார் சொல்லித் தருவது?

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அ, ஆ சொல்லித்தர ஒருவர் இரண்டாண்டு ஆசிரியர் பயிற்சி முடித்திருக்க வேண்டும். தகுதித்தேர்விலும் தேற வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் எடுக்க முதுகலைப் பட்டத்தோடு பி.எட். வேண்டும். அந்த மாணவர் மூன்று மாதம் கழித்துக் கல்லூரியில் சேர்ந்து அதே வேதியியலைத் தொடரும்போது, எதிரே நிற்பவர் கற்பித்தலில் ஒருநாள் பயிற்சிகூடப் பெற்றிருக்க வேண்டிய கட்டாயமில்லை. முதுகலைப் பட்டமும் நெட் அல்லது செட் தேர்ச்சியும், அல்லது முனைவர் பட்டமும் இருந்தால் போதும். நெட் தேர்வின் முதல் தாளில் 50 வினாக்கள், பத்து அலகுகள். அவற்றில் ஓர் அலகு கற்பிக்கும் திறன் பற்றியது. அதாவது ஏறத்தாழ ஐந்து வினாக்கள், அவையும் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகை. கற்பித்தல் குறித்துக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் வேலைக்கு முன் எழுத வேண்டிய தேர்வு அவ்வளவுதான்.

பெருநகரத்துப் பழைய கல்லூரிகளில் இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. அங்கே வரும் மாணவர் ஆங்கிலவழிப் பள்ளி, டியூஷன், படித்த பெற்றோர் எனப் பல ஊன்றுகோல்களோடு வருகிறார். ஆசிரியர் சுமாராக நடத்தினாலும் தேறிவிடுவார். கள்ளக்குறிச்சி போன்ற ஊரில் அப்படி நடப்பதில்லை. இங்கே வகுப்பறையில் புரியாததை வீட்டில் யாரும் புரியவைக்கப் போவதில்லை. கல்லூரி ஆசிரியர்களின் பணித்திறன் மேம்பாட்டைக் கள்ளக்குறிச்சியிலிருந்து பார்க்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது கள்ளக்குறிச்சி. கரும்பும் நெல்லும் மரவள்ளியும் விளையும் சமவெளி. மேற்கே கல்வராயன் மலை. முன்பெல்லாம் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பட்டப்படிப்புக்கு விழுப்புரம், விருத்தாசலம், ஆத்தூர், திருவண்ணாமலை என்று பேருந்து ஏறினார்கள். இப்போது கள்ளக்குறிச்சியிலேயே அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. திருக்கோவிலூரிலும் ரிஷிவந்தியத்திலும் தொடங்கப்பட்டுள்ளன. கல்லூரிகள் இணைவு பெற்ற பல்கலைக்கழகமும் மாறியது: வேலூர்த் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தவை, 2021இல் விழுப்புரத்தில் ஒரு பல்கலைக்கழகம் பிறந்து அதே ஆண்டில் மறைந்த கதைக்குப் பிறகு, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு சேர்க்கப்பட்டன.

மலையிலிருந்து இறங்கி வரும் மாணவரின் நிலை வேறு. கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்கள் எனப்படும் பரம்பரை நிலக்கிழார்களின் கையில் இருந்தது. இன்று கல்லூரியில் முதலாண்டு படிக்கும் மலைப்பிள்ளையின் தாத்தா ஜாகிருக்கு வரி கட்டிய தலைமுறை. மலையாளிப் பழங்குடிகள் (கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இவர்கள் பேசுவது தமிழ்) சாமையும் கேழ்வரகும் மரவள்ளியும் பயிரிட்டு, கடுக்காயும் தேனும் சேகரித்து வாழ்பவர்கள். வேலை தேடிக் குடும்பத்தோடு கேரளம், கர்நாடகம் என்று தோட்டங்களுக்குப் போகிறவர்களும் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கள்ளச்சாராயச் சாவுகள் நாட்டையே உலுக்கிய பிறகு, சென்னை உயர்நீதிமன்றம் இந்த மலைமக்களின் வாழ்நிலையைத் தானாகவே வழக்காக எடுத்து விசாரித்தது. சாலையும் ரேஷன் அட்டையும் மருத்துவமும் அங்கே பேசுபொருளாயின. வெள்ளிமலையிலிருந்தோ கரியாலூரிலிருந்தோ கல்லூரிக்கு வரும் ஒருவர் உண்டு உறைவிடப் பள்ளியில் தமிழ்வழியில் படித்துவிட்டு, விடுதியில் தங்கி, முதன்முறையாக ஆங்கிலப் பாடநூலைக் கையில் எடுக்கிறார். புதுமைப்பெண் (2022), தமிழ்ப்புதல்வன் (2024) திட்டங்கள் மாதம் ஆயிரம் ரூபாய் தந்து இவர்களை வகுப்பறை வாசல்வரை கொண்டுவந்து விட்டன. வாசலுக்கு உள்ளே நடப்பது ஆசிரியர் பொறுப்பு.

அந்த ஆசிரியரை அரசு எப்படித் தயார் செய்ய நினைத்தது என்பதற்கு ஓர் அறுபதாண்டு வரலாறு உண்டு. 1960களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக மானியக்குழு அறிவியல் ஆசிரியர்களுக்குக் கோடைப் பயிலரங்குகளைத் தொடங்கியது. 1964–66 கோத்தாரி ஆணையம் புதிய விரிவுரையாளர்களுக்கு அறிமுகப் பயிற்சி வேண்டும் என்றது. 1970களில் கல்லூரி அறிவியல் மேம்பாட்டுத் திட்டமும் அதற்கு இணையான கலைப்பிரிவுத் திட்டமும் வந்தன. அதே பத்தாண்டின் முடிவில், 1978இல், தமிழ்நாட்டில் சில கல்லூரிகள் தன்னாட்சி பெற்றன. நாட்டிலேயே இது முன்னோடி முயற்சி. சென்னை லயோலாவும் மதுரை அமெரிக்கன் கல்லூரியும் தங்கள் பாடத்திட்டத்தைத் தாங்களே எழுதத் தொடங்கின. எதை நடத்துவது என்பது ஆசிரியர் கைக்கு வந்தால் எப்படி நடத்துவது என்ற பேச்சும் தானாக எழும். கற்பித்தலைப் பற்றி ஆசிரியர்களை யோசிக்கவைத்ததில் எந்தப் பயிலரங்குக்கும் இதைவிடப் பெரிய பங்கு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

1986 கல்விக் கொள்கைக்குப் பின் வந்தவை கல்விப் பணியாளர் கல்லூரிகள். தமிழ்நாட்டில் சென்னை, மதுரை காமராசர், பாரதிதாசன், பாரதியார் பல்கலைக்கழகங்களில் இவை இயங்கின. பல தலைமுறை ஆசிரியர்கள் ‘ஓரியண்டேஷன்’, ‘ரெஃப்ரஷர்’ என்று போய்வந்தது இங்கேதான். பிறகு இவை மனிதவள மேம்பாட்டு மையங்கள் என்று பெயர் மாறி, 2023 செப்டம்பர் 5 முதல் ‘மாளவியா இயக்கம்’ என்ற ஒன்றிய அரசுத் திட்டத்தின் ஆசிரியர் பயிற்சி மையங்களாகத் தொடர்கின்றன. நாடு முழுவதும் 111 மையங்கள். எட்டுப் பொருள்களில் இணையவழிப் பயிற்சி. அந்த எட்டில் ஒன்று மாணவர் பன்மையும் உள்ளடக்கிய கல்வியும். பொறியியல், பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்குத் தரமணியில் 1964 முதலே ஒரு தேசியப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அவர்களுக்கு எட்டுப் பாடப்பகுதிகள் கொண்ட தொடக்கப் பயிற்சியும் வகுக்கப்பட்டுள்ளது. கலை அறிவியல் கல்லூரிக்காரருக்கு அந்த அளவு வசதி இருந்ததில்லை.

ஆக, பயிற்சியே இல்லை என்று சொல்ல முடியாது. அது எதற்காகப் பெறப்படுகிறது என்பதில்தான் சிக்கல். 2018 ஜூலை 18 அன்று வெளியான மானியக்குழு விதிகளின்படி, உதவிப் பேராசிரியர் ஒருவர் அடுத்த நிலைக்குப் பதவி உயர 21 நாள் அறிமுகப் பயிற்சியும், கூடவே ஒரு புத்தாக்கப் பயிற்சியோ, ஒருவார ஆசிரியர் மேம்பாட்டு நிகழ்ச்சியோ (எஃப்.டி.பி.), இணையப் படிப்பொன்றின் சான்றிதழோ காட்ட வேண்டும். விண்ணப்பத்தோடு இணைக்கப்படுவது சான்றிதழ். அதற்குப் பின் வகுப்பறையில் என்ன மாறியது என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை. கல்லூரிகளின் தரத்தை அளக்கும் நாக் மதிப்பீட்டில் ஆறாவது அளவுகோலில் எத்தனை ஆசிரியர்கள் பயிற்சிக்குப் போனார்கள் என்று ஒரு பத்தி உண்டு. அதற்கும் எண்ணிக்கைதான் தேவை. கல்லூரியின் உள்தர உறுதிப் பிரிவு ஆண்டு முடிவில் துறை துறையாகச் சான்றிதழ் நகல் கேட்டு வாட்ஸ்அப்பில் நினைவூட்டுவது அதற்காகத்தான்.

2020 பெருந்தொற்றுக்குப் பிறகு இது ஒரு திருவிழாவாகவே மாறிவிட்டது. நாட்டின் எந்த மூலையிலிருந்தும் கூகுள் மீட்டில் ‘ஐந்து நாள் எஃப்.டி.பி.’ நடக்கிறது. காலையில் இறைவணக்கம், வரவேற்புரை, சிறப்பு விருந்தினர் அறிமுகம் என்று முக்கால் மணி நேரம். அப்புறம் ஒருவர் திரையைப் பகிர்ந்து ‘மாணவர் மையக் கற்றல்’ என்ற தலைப்பில் ஒன்றரை மணி நேரம் இடைவிடாமல் பேசுவார். இருநூறு பேர் மைக்கை அணைத்து, கேமராவையும் அணைத்து உள்ளே இருப்பார்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் அரட்டைப் பெட்டியில் கருத்துப் படிவத்தின் இணைப்பு வந்து விழும். அதுவரை எங்கோ இருந்தவர்கள் எல்லாம் அப்போது வந்துவிடுவார்கள். படிவத்தை நிரப்பினால் மின்சான்றிதழ். மாணவரைப் பேசவிட வேண்டும் என்பதை யாரையும் பேசவிடாமல் சொல்லித்தரும் இந்த முறையைப் பார்த்து யாரும் சிரிப்பதுகூட இல்லை, பழகிவிட்டது.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. பதவி உயர்வுக்கான பயிற்சி என்றால், பதவியே இல்லாதவருக்கு அதில் என்ன இருக்கிறது? தமிழ்நாட்டு அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள் பணிபுரிகிறார்கள். நிரந்தரப் பணியில் சேரும் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். கௌரவ விரிவுரையாளருக்கு அண்மை ஆண்டுகளில் உயர்த்தப்பட்ட தொகை 25,000 ரூபாய்; அதுவும் ஆண்டுக்குப் பதினொரு மாதம். வருகைதரு ஆசிரியருக்கு மாதம் 50,000 வரை தரலாம் என்று மானியக்குழு 2019இலேயே சொல்லியிருக்கிறது. புதிதாகத் தொடங்கப்படும் ஊர்ப்புறக் கல்லூரிகள் இவர்களின் தோளில்தான் நிற்கின்றன. அதாவது, அதிகம் உதவி தேவைப்படும் மாணவர்களுக்கு அதிக வகுப்பு எடுப்பவர்கள், பயிற்சி ஏற்பாட்டின் கணக்கிலேயே இல்லாதவர்கள். 2024இல் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவிக்கை விட்டபோது இவர்களில் பலரும் விண்ணப்பித்தார்கள். அந்தத் தேர்வுக்குப் படிப்பதே அவர்களுடைய ஒரே ‘பணித்திறன் மேம்பாடு’ ஆகிப்போனது. வகுப்பில் ஒரு பாடத்தை எப்படிச் சொன்னால் புரியும் என்று யோசிக்க அதில் இடமில்லை.

பயிற்சி உண்மையில் பயன் தருமா என்று கேட்பது நியாயம். தரும் என்பதற்குச் சான்று இருக்கிறது. ஆனால் எந்தப் பயிற்சி என்பதில் நிபந்தனையும் இருக்கிறது. கிரஹாம் கிப்ஸ், மார்ட்டின் காஃபி என்ற இரு ஆய்வாளர்கள் எட்டு நாடுகளில் 22 பல்கலைக்கழகங்களின் ஆசிரியர்களைப் பார்த்து 2004இல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. மாதக்கணக்கில் நீண்ட பயிற்சி பெற்றவர்கள் மாணவர் பக்கமிருந்து யோசிக்கத் தொடங்கினார்கள். பயிற்சியே பெறாத புதியவர்கள் அதே காலத்தில் இருந்த இடத்தில்கூட நிற்கவில்லை. பின்னோக்கிப் போனார்கள், சுற்றியிருந்த பழக்கம் அவர்களை இழுத்துக்கொண்டது. ஐந்து நாள் எஃப்.டி.பி.யை இந்த வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கலாம்.

எதைப் பழக வேண்டும் என்பதிலும் கேள்வி பெருமளவு தீர்ந்துவிட்டது. அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து ஸ்காட் ஃப்ரீமன் குழு 2014இல் வெளியிட்ட கட்டுரையில், விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் தோல்வி விகிதம் சுமார் 34 விழுக்காடு. மாணவர்கள் பேசியும் செய்தும் கற்ற வகுப்புகளில் 22 விழுக்காடு. 2020இல் அதன் தொடர்ச்சியாக வந்த ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. பின்தங்கிய பின்னணியிலிருந்து வந்த மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே தேர்ச்சியில் இருந்த இடைவெளி இத்தகைய வகுப்புகளில் கிட்டத்தட்டப் பாதியளவு சுருங்கியது. இவை பெரும்பாலும் அமெரிக்க வகுப்பறைகள் என்பதை மறக்கக் கூடாது. அங்கே பாடநூல் பெரும்பாலான மாணவரின் வீட்டு மொழியில் இருக்கும். இருந்தாலும் திசை தெளிவு.

கள்ளக்குறிச்சியில் இது எப்படி இருக்கும் என்று ஒரு வகுப்பைக் கற்பனை செய்யலாம். முதலாண்டு இயற்பியல், வட்ட இயக்கம். ஆசிரியர் கரும்பலகையில் சமன்பாட்டை எழுதுவதற்கு முன் ஒரு கேள்வி வைக்கிறார். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் பேருந்து ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்புகிறது. ஓட்டுநர் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. முள் இருபதிலேயே நிற்கிறது. இப்போது பேருந்துக்கு முடுக்கம் உண்டா, இல்லையா? கை தூக்கச் சொன்னால் பெரும்பாலோர் ‘இல்லை’ என்பார்கள், வேகம் மாறவில்லையே. ஆசிரியர் விடை சொல்வதில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் உங்கள் காரணத்தைச் சொல்லுங்கள், இரண்டு நிமிடம் என்கிறார். அறையில் இரைச்சல். கடைசி இருக்கையில் மலையிலிருந்து வந்த ஒரு பெண் கேட்கிறார்: முடுக்கமே இல்லைன்னா, வளைவுல நாம ஏன் ஜன்னல் பக்கம் சாயறோம்? மறுபடி கை தூக்கும்போது எண்ணிக்கை தலைகீழாகிறது. வேகம் மாறாவிட்டாலும் திசை மாறினால் திசைவேகம் மாறுகிறது என்று அப்போது சொன்னால் அது போய்ச் சேர ஓர் இடம் இருக்கிறது. ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மாசூர் 1990களின் தொடக்கத்திலிருந்து செய்துவரும் முறை இது. இதற்கு ஸ்மார்ட் போர்டு தேவையில்லை, கிளிக்கர் தேவையில்லை, கை போதும்.

தேவைப்படுவது நல்ல கேள்வி, அது எளிதில் கிடைக்காது. மாணவர் எங்கே தவறுவார் என்று தெரிந்தவர்தான் அப்படிக் கேள்வி அமைக்க முடியும். வேதியியல்காரருக்கு மரவள்ளி இருக்கிறது: கிழங்கில் உள்ள லினமாரின் சயனைடை வெளிவிடக் கூடியது, பாட்டி ஊறவைத்து வேகவைத்து நீரை வடிப்பதில் என்ன வினை நடக்கிறது? வணிகவியல்காரருக்குச் சின்னசேலம், ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளும், 1981இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவும் கைக்கெட்டும் தூரத்தில். வரலாற்றுக்காரருக்கு ஜாகிர் முறை. நேர்காணல் தரப் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2021இல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்தை வைத்துப் பொருளியலும் நடத்தலாம், தாவரவியலும் நடத்தலாம். தில்லியிலோ சென்னையிலோ தயாரான பயிற்சித் தொகுப்பில் இவை இருக்காது. அந்தந்த ஊர் ஆசிரியர்கள் கூடி உட்கார்ந்துதான் எழுத வேண்டும்.

மாணவர்கள் வரவேற்பார்களா? உடனே மாட்டார்கள். 2019இல் ஆர்வர்டில் லூயி டெலோரியே குழு நடத்திய சோதனையில், விவாத முறையில் படித்தவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள். ஆனால் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். சரளமான விரிவுரை எல்லாம் புரிந்துவிட்டது போன்ற மயக்கத்தைத் தருகிறது. நம் ஊரில் இதற்கு இன்னொரு பரிமாணம் உண்டு: ‘சார் நோட்ஸ் கொடுக்கல’ என்ற குறை. பருவத்தேர்வில் 75 மதிப்பெண் வெளித்தேர்வுக்கு, 25 அகமதிப்பீட்டுக்கு. வெளித்தேர்வு வினாத்தாள் வரையறு, விளக்குக, விரிவாக எழுதுக என்றே கேட்கும்வரை நோட்ஸ் கேட்கும் மாணவர் முட்டாள் அல்ல, கணக்குத் தெரிந்தவர். பயிற்சி பெற்றுத் திரும்பும் ஆசிரியர் ஒரே மாதத்தில் பழைய வழிக்குப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். வினாத்தாள் அமைப்பதில் பயிற்சி தராமல் வகுப்பு நடத்துவதில் மட்டும் பயிற்சி தருவது பாதி வேலை. இணைவுப் பல்கலைக்கழகம் இதில் ஒதுங்கி நிற்க முடியாது.

பாக் நீரிணைக்கு அப்பால் இதை வேறு விதமாகச் செய்கிறார்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் 1997இல் பணியாளர் மேம்பாட்டு நிலையம் தொடங்கியது. இன்று யாழ்ப்பாணம் உட்பட மற்றப் பல்கலைக்கழகங்களிலும் அத்தகைய நிலையங்கள் உண்டு. தகுதிகாண் விரிவுரையாளர் உயர்கல்விக் கற்பித்தலுக்கான சான்றிதழ்ப் படிப்பை முடித்தால்தான் பணி உறுதியாகும். அதில் உட்கார்ந்து கேட்பதோடு விடுவதில்லை: ஒருவர் வகுப்பை இன்னொருவர் வந்து பார்க்கிறார், தான் நடத்தியதைப் பற்றித் தானே எழுதிச் சமர்ப்பிக்க வேண்டியிருக்கிறது. அதிலும் சடங்காகச் செய்து முடிப்பவர்கள் இல்லாமலா போவார்கள். ஆனால் பதவி உயர்வுக்கு முன் எப்போதாவது என்றில்லாமல், முதல் ஆண்டுகளிலேயே, வேலை பார்க்கும் இடத்திலேயே நடக்கிறது என்பது பெரிய வேறுபாடு. நம் நாட்டிலும் புதியவர்களுக்கு ‘குரு தக்ஷதா’ என்ற ஒரு மாத அறிமுகப் பயிற்சியை மானியக்குழு 2019இல் வகுத்தது. நிரந்தர நியமனம் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகும் மாநிலத்தில் அந்தப் ‘புதியவர்’ பத்தாண்டு கௌரவ விரிவுரையாளராக இருந்து, தன் பழக்கமெல்லாம் இறுகிய பிறகே அதற்குப் போய்ச் சேர்கிறார்.

2025 ஜனவரியில் மானியக்குழு புதிய வரைவு விதிகளை வெளியிட்டது. பதவி உயர்வுக்கான புள்ளிக்கணக்கைக் கைவிட்டு, ஒன்பது வகைப் பங்களிப்புகளைப் பார்க்கலாம் என்றது. புதுமையான கற்பித்தலும் இந்திய மொழிகளில் கற்பித்தலும் அவற்றில் உண்டு. தமிழ்நாட்டில் நடந்த விவாதம் பெரும்பாலும் துணைவேந்தரை யார் நியமிப்பது என்பதைச் சுற்றியே இருந்தது. அது முக்கியமான கேள்விதான். மாநில உரிமை தொடர்பானது. ஆனால் ஆசிரியர் சங்கங்கள்கூட அந்த ஒன்பதை எப்படி அளப்பார்கள், கௌரவ விரிவுரையாளருக்கு அது பொருந்துமா என்று உரக்கக் கேட்டதாகத் தெரியவில்லை.

மாவட்ட அளவில் செய்யக் கூடியது பெரிய செலவு பிடிக்காது. வாரம் ஒரு பாடவேளை ஒதுக்கி, ஒரு துறையின் நிரந்தர ஆசிரியரும் கௌரவ விரிவுரையாளரும் சேர்ந்து ஒரே பாடத்தைத் திட்டமிடலாம். ஒருவர் நடத்த மற்றவர் பின்னிருக்கையில் உட்கார்ந்து, ஆசிரியரைப் பார்க்காமல் மாணவர்களைப் பார்த்துக் குறிப்பெடுக்கலாம்: எந்த நிமிடத்தில் பேனாக்கள் நின்றன, யார் வாயே திறக்கவில்லை. கள்ளக்குறிச்சி, திருக்கோவிலூர், ரிஷிவந்தியம் கல்லூரிகளின் ஒரே துறைக்காரர்கள் பருவத்துக்கு ஒருமுறை கூடித் தங்கள் கேள்விகளைப் பரிமாறிக்கொள்ளலாம். தமிழில் அறிவியல் நடத்தத் தயங்குபவர்களுக்கு 1960களிலிருந்து தமிழில் வந்த கல்லூரிப் பாடநூல்கள் உதவும். கோவை அரசுக் கல்லூரியில் தமிழ்வழிப் பட்ட வகுப்பு தொடங்கிய காலத்தை ஒட்டி எழுதத் தொடங்கிய அவை இன்று இணையத்தில் கிடைக்கின்றன. இவை எதற்கும் சிறப்பு விருந்தினரோ பொன்னாடையோ வேண்டாம்.

வேண்டியது நேரம், அதற்கான ஊதியம். இங்கேதான் எல்லா நல்ல யோசனைகளும் முட்டி நிற்கின்றன. பயிற்சிகளைக் கோடை விடுமுறையில் வைப்பது வழக்கம், வகுப்பு கெடாது. நிரந்தர ஆசிரியருக்கு மே மாதம் சம்பளத்தோடு விடுமுறை. கௌரவ விரிவுரையாளருக்கு அது சம்பளமில்லாத பன்னிரண்டாவது மாதம். அந்த ஒரு மாதத்தை ஓட்ட வேறு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பயிற்சி நாளும் பணிநாளே என்று அரசாணையில் ஒரு வரி சேர்ந்தால் அவர்கள் வருவார்கள். உயர்கல்வித் துறை முதலில் எழுத வேண்டியது அந்த வரியைத்தான். பயிற்சியில் என்ன சொல்லித்தருவது என்பதை அதற்குப் பிறகு உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.